மகன் பிளெட்ஜ் பண்ணுகிறான் என்றால்

பிட்ஸ்பர்க் வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, மகன் முதல் வருஷம் சேர்ந்திருக்கிறான், ஏதோ ஃப்ரட்டர்னிட்டியில் பிளெட்ஜ் என்கிறான், வீட்டுக்கு வந்தால் தூங்கி வழிகிறான், போனைக் கவிழ்த்தே வைக்கிறான். இது நம் ஊர் ராகிங் மாதிரியா அக்கா, யாரிடம் சொல்வது, சொன்னால் விசாவுக்குச் சிக்கல் வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஃப்ரட்டர்னிட்டி என்பது காலேஜ் ஆண் மாணவர்களின் சங்கம். அதில் முழு உறுப்பினராகும் முன் இருக்கும் சோதனைக் காலம்தான் பிளெட்ஜ். இப்படிக் குழுவில் சேர வருபவர்களைப் படுத்துவதற்கு இங்கே ஹேசிங் என்று பெயர். விசாவை முதலில் முடித்துவிடலாம். பாதிக்கப்பட்டவனோ நேரில் பார்த்தவனோ புகார் கொடுப்பதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. ஹேசிங் செய்தவனுக்குத்தான் ஆபத்து. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவரைக் காலேஜ் நீக்கினால் அந்தஸ்து போய்விடும். எந்த விசாவாக இருந்தாலும் கிரிமினல் கேஸ் விழுந்தால் தலைவலிதான். அடுத்த வருஷம் உங்கள் பையனே சீனியர், அதையும் சொல்லிவையுங்கள்.

ராகிங் மாதிரிதான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். ஊரில் ஹாஸ்டலில் கால் வைத்தவன் எவனும் மாட்டுவான். விரும்பிப் போய் யாரும் நிற்பதில்லை. ராகிங்கில் மருத்துவ மாணவர் நாவரசு கொலையான பிறகு 1997-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இங்கே பையன் தானாகப் போய்ச் சேர்கிறான். நடுவில் விட்டால் அவமானம், வெளியே சொன்னால் துரோகம் என்று அவனே நம்புகிறான். அதனால் அடித்தவர்களைவிட அடிபட்டவன்தான் அதிகமாக மறைப்பான். 2008-ல் மெய்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், தனக்கு நடந்தது ஹேசிங்தான் என்று சொன்ன மாணவர்களிலேயே 95 சதவீதம் பேர் காலேஜில் புகார் செய்யவில்லை.

சட்டத்துக்கு இது தெரியும். 2024 டிசம்பர் 23-ல் கையெழுத்தான அமெரிக்க மத்திய சட்டம், பையன் சம்மதித்தானா இல்லையா என்பதைப் பார்ப்பதே இல்லை. ஃப்ரட்டர்னிட்டி மட்டும் அல்ல, விளையாட்டு அணி, பேண்டு, கிளப் எல்லாம் அதில் அடக்கம். காலேஜ் அங்கீகரிக்காத குழுவும் தப்ப முடியாது. நம் பிள்ளைகள் சேரும் டான்ஸ் டீமும் இதில் வரும்.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூத்து என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. எனக்கு எரிச்சல் வரும் பேச்சு அது. 2013 டிசம்பரில் நியூயார்க் பாரூக் காலேஜ் மாணவர் மைக்கேல் டெங்கை, ஆசிய அமெரிக்கர்களின் ஃப்ரட்டர்னிட்டி ஒன்று பிட்ஸ்பர்க் இருக்கும் இதே பென்சில்வேனியா மாநிலத்தில் போகோனோ மலைக்குக் கூட்டிப்போனது. கண்ணைக் கட்டி, முதுகில் மணல் நிரப்பிய பையை மாட்டி, உறைந்த தரையில் நடக்கவிட்டு, மாற்றி மாற்றி இடித்துத் தள்ளினார்கள். மயங்கி விழுந்த பிறகும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. இன்டர்நெட்டில் அறிகுறிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பையன் பிழைக்கவில்லை. அந்த ஃப்ரட்டர்னிட்டி இந்த மாநிலத்தில் 10 ஆண்டு இயங்கக் கூடாது என்று 2018-ல் கோர்ட் தடை போட்டது.

மகனிடம் "உன்னை ஹேஸ் பண்றாங்களா" என்று கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வான். போனை வாங்கி வைக்கிறார்களா, எங்கே போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்கிறார்களா, ராத்திரி இரண்டு மணிக்கு சீனியருக்குக் கார் ஓட்டச் சொல்கிறார்களா, நடுவில் எழுந்து வர முடியுமா என்று கேளுங்கள். புதியவனுக்கு ஒரு சீனியரை "பிக் பிரதர்" ஆக ஒதுக்கும் "பிக்-லிட்டில் நைட்" எப்போது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு "பிக் பிரதர்" ஒரு முழு பாட்டிலைக் கையில் கொடுத்துக் குடிக்கச் சொல்வது பல இடங்களில் நடக்கிறது. 2021 பிப்ரவரியில் வர்ஜீனியாவில் ஆடம் ஓக்ஸ், மார்ச்சில் ஒஹையோவில் ஸ்டோன் ஃபோல்ட்ஸ், இரண்டு பேரும் அப்படித்தான் போனார்கள். எந்தக் கட்டத்திலும் வேண்டாம் என்று விலகலாம் என்பதையும் அவன் உங்கள் வாயால் கேட்கட்டும்.

காலேஜ் வெப்சைட்டில் ஹேசிங் அறிக்கையைத் தேடிப் படியுங்கள். எந்தக் குழு, என்ன செய்தது, என்ன தண்டனை என்று இருக்கும். பென்சில்வேனியாவில் 2018 சட்டப்படியே இதை வெளியிட வேண்டும். அதில் பெயர் இல்லை என்பதற்காக நல்ல குழு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிடிபட்டவர்கள் மட்டும்தான் அங்கே வருவார்கள்.

யாராவது குடித்து எழுப்ப முடியாமல் கிடந்தால் 911 மட்டும்தான். தூங்கினால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. 2017-ல் பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஃப்ரட்டர்னிட்டி ஒன்றில் மாணவர் டிமதி பியாசா படியில் உருண்டு விழுந்த பிறகு போன் போடவே ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனது. அவர் பெயரில் வந்த இந்த மாநிலச் சட்டத்தில், கூப்பிட்டுப் பெயர் சொல்லி, உதவி வரும்வரை கூடவே இருப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. மகன் தானும் குடித்திருக்கிறோமே என்று பயந்து நிற்கக் கூடாது.

அவசரம் இல்லையென்றால் மாணவர் நலனைக் கவனிக்கும் டீன் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் அலுவலகம், கேம்பஸ் போலீஸ், அல்லது பெயர் சொல்லாமல் பேச 1-888-668-4293. கவுன்சிலிங் சென்டரில் சொன்னது பொதுவாக வெளியே போகாது. ஹாஸ்டலைக் கவனிக்கும் சீனியர் மாணவரான ஆர்.ஏ., கோச் போன்றவர்கள் மேலே சொல்லியாக வேண்டியவர்கள்; மகன் மனசுவிட்டுப் பேச மட்டும் நினைத்தால் இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். தேதி, நேரம், சம்பவம் நடந்த வீட்டின் முகவரி, யார் என்ன செய்யச் சொன்னார்கள் என்பதை எழுதி வையுங்கள். ஸ்னாப்சாட்டில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அனுப்பியவனுக்குத் தெரிந்துவிடும். இன்னொரு போனால் திரையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

புகாரை நீங்களே கொடுக்கலாம். ஆனால் விசாரணை என்ன ஆனது என்று கேட்டால் காலேஜ் வாயைத் திறக்காமல் போகலாம், கோபப்படாதீர்கள். ஃபெர்பா என்ற மாணவர் பதிவேட்டு ரகசியச் சட்டப்படி காலேஜில் சேர்ந்த பிறகு பதிவேட்டு உரிமை மாணவனுடையது. பெற்றோருக்குத் தகவல் தரச் சம்மதிக்கும் படிவம் பல காலேஜ்களில் ஆன்லைனிலேயே இருக்கும். இந்த வாரம் வீட்டுக்கு வரும்போது உட்காரவைத்துப் போடச் சொல்லுங்கள்.