பந்திவிசாரணை

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடிப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சபையைச் சேர்ந்தவள் நான். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஓய்வுநாள் பள்ளி எடுத்தேன், பாடகர் குழுவில் பாடினேன். பதினான்கு மாதங்களுக்கு முன்பு அத்தைக்கு, என் மாமியாருக்கு, பக்கவாதம் வந்துவிட்டது. வலது பக்கம் அசையவில்லை, பேச்சும் குழறுகிறது. கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, துணி மாற்றித் துவைப்பது என்றே என் நாள் போய்விடுகிறது. ஆராதனைக்குப் போய் எத்தனையோ வாரம் ஆயிற்று. போன மாதம் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து வந்த ஒரு அக்கா, "கர்த்தர் உனக்கு எவ்வளவு தாலந்து கொடுத்திருக்கார், இப்படி ஊழியத்தை விட்டுட்டியே" என்றார்கள். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. உண்மையைச் சொன்னால், சில நேரம் அத்தைமேல் எரிச்சலும் வருகிறது. நான் செய்வதை தேவன் ஊழியமாக எடுத்துக்கொள்வாரா, இல்லை இது வெறும் வீட்டுவேலைதானா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

அந்த அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். நம் சபைகளில் ஊழியம் என்ற சொல்லே அப்படிச் சுருங்கிக் கிடக்கிறது. மைக் பிடித்தால் ஊழியம், கைப்பிரதி கொடுத்தால் ஊழியம், மற்றதெல்லாம் வேலை. இத்தனைக்கும் அந்தச் சொல் நம் பக்கத்தில் சுமந்த பொருள் அப்படி ஒன்றும் மகிமையானதல்ல. பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாமல் செய்தே தீரவேண்டிய கட்டாய வேலை. ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள் அரசாங்கத்துக்குச் சுமை தூக்கினார்கள். கிறிஸ்தவர்களான பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்துக்குக் கூப்பிட்டார்கள். கர்னல் மன்றோ ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேயரின் பிரதிநிதியாக, அங்கே இருந்த காலத்தில்தான் அதற்கு விலக்கு கிடைத்தது. ஆலயத்துக்குப் போவதற்காக ஊழியத்திலிருந்து விடுதலை கேட்டவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். இப்போது ஆலயத்துக்குள் நடப்பது மட்டும்தான் ஊழியம் என்கிறோம்.

சரி, வேதத்துக்கு வருவோம். அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசிய விதவைகளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று ஒரு முறுமுறுப்பு. முதல் வசனத்தில் அந்த வேலைக்கு நம் தமிழ் வேதாகமம் 'அன்றாட விசாரணை' என்கிறது. நான்காம் வசனத்தில் அப்போஸ்தலர்கள் செய்வது 'தேவவசனத்தைப் போதிக்கிற ஊழியம்'. தமிழில் வாசிக்கும்போது முதலாவது ஏதோ சாப்பாட்டு ஏற்பாடு, இரண்டாவது தெய்வீக காரியம் என்று தோன்றிவிடுகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான், டியாகோனியா. நடுவில் வருகிற 'பந்திவிசாரணை'யும் அதே வேரிலிருந்து வந்த வினைச்சொல். பந்தியில் பரிமாறுவதற்கு அன்றாடம் புழங்கிய சொல் அது.

அப்போஸ்தலர்கள் பந்தி வேலையை வேறு ஆட்களிடம் தள்ளிவிட்டார்களே என்று யாராவது கேட்பார்கள். தள்ளினார்கள்தான். யாரிடம் தள்ளினார்கள் என்று பாருங்கள். பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்த ஏழு பேரைத் தேடி, ஜெபம்பண்ணி, தலையில் கைவைத்து அந்த வேலையைக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஸ்தேவான், பிறகு கிறிஸ்துவுக்காக முதலில் உயிர்விட்டவர். பரிமாறுகிறவனுக்கு எதற்கு இத்தனை தகுதி என்று அவர்கள் கேட்கவில்லை.

உங்களுக்கு இன்னும் நெருக்கமான ஓர் இடம் மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது. பேதுருவின் மாமி ஜுரம் நீங்கி எழுந்து 'பணிவிடை' செய்கிறார். அங்கேயும் அதே சொல். பத்தாம் அதிகாரத்தில் மனுஷகுமாரன் ஊழியங்கொள்ளும்படி வராமல் ஊழியஞ்செய்ய வந்தார் என்று இயேசு சொல்லும் இடத்திலும் அதே சொல். அந்த மாமி அடுப்படியில் செய்ததையும் இயேசு செய்ததையும் மாற்கு ஒரே வார்த்தையில் சேர்க்கிறார். மொழிபெயர்ப்பில் அவை ஏன் இரண்டாகப் பிரிந்தன என்பது எனக்கு நெடுநாள் குறை.

அடுத்து எரிச்சல். நான் சி.எஸ்.ஐ. என்கிற புராட்டஸ்டண்ட் சபைக்காரன். கத்தோலிக்கப் புனிதர்களைப் பற்றிப் பேசினால் எங்கள் வீட்டிலேயே முறைப்பார்கள். இருந்தாலும் குழந்தை தெரசாவைச் சொல்லாமல் முடியாது. தமிழ்நாட்டில் இத்தனை 'சிறுமலர்' பள்ளிகள் இருக்கின்றனவே, அந்தச் சிறுமலர். பிரான்சில் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் 1888-இல் பதினைந்து வயதில் சேர்ந்தவர். அங்கே நோயாளியான ஒரு வயதான கன்னியாஸ்திரீயைத் தினமும் சாயங்காலம் ஜெபத்திலிருந்து சாப்பாட்டு அறைக்கு நடத்திப்போவது அவர் ஏற்றுக்கொண்ட வேலை. வேகமாகப் போனால் விழத் தள்ளப் பார்க்கிறாய் என்பார் பாட்டி. மெதுவாகப் போனால் உன் கையே தெரியவில்லை, விட்டுவிட்டாய் என்பார். கிழவிக்கு ரொட்டி துண்டுபோட முடியவில்லை என்று ஒருநாள் தெரசா கவனித்தார். கேட்காமலே துண்டுபோட்டுக் கொடுத்து, போகும்போது ஒரு சிரிப்பும் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் கதை. ஜெபநேரத்தில் பின்னாலிருந்து ஏதோ சத்தம் போட்டுக்கொண்டேயிருந்த இன்னொரு சகோதரியால், எரிச்சலை அடக்கி அடக்கித் தனக்கு வியர்த்துக் கொட்டியதையும் அவர் மறைக்காமல் எழுதிவைத்தார். ஆகவே எரிச்சல் வருவதால் உங்கள் ஊழியம் கெட்டுவிட்டது என்று நினைக்கவேண்டாம். தெரசா 1897-இல் இருபத்துநாலு வயதில் காசநோயில் இறந்துபோனார். 1927-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை மிஷன்களின் பாதுகாவலியாக அறிவித்தது. கூடவே பாதுகாவலராக இருப்பவர் 1542-இல் உங்கள் முத்துக்குளித்துறைக்கு வந்து கடற்கரை ஊர்களிலெல்லாம் நடந்த சவேரியார். அவருக்குச் சமமாக, மடத்தில் ரொட்டி துண்டுபோட்ட பெண்!

என் பாட்டி அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா வைத்திருந்தார். உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அதில் விழும். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும். மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதே கைப்பிடி அரிசியைச் சேர்த்து மிஷனரிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டி ஒருநாளும் மேடை ஏறியதில்லை.

இதெல்லாம் சொன்னேன் என்பதற்காக, எல்லாவற்றையும் நீங்களே தனியாகச் சுமக்கவேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'இதுவும் ஊழியம்தான்' என்று மருமகளிடம் சொல்லிவிட்டு ஆண்கள் நழுவிக்கொள்வதையும் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் சபைப் போதகரான ஐயரிடம் சொல்லி அத்தைக்கும் உங்களுக்கும் வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கச் சொல்லுங்கள். படுக்கையில் கிடப்பவர்களுக்கு அதைக் கொண்டுவந்து கொடுப்பது அவர் கடமை. தாலந்தைப் பற்றிப் பேசின அக்காவிடம், வாரம் ஒருநாள் இரண்டு மணிநேரம் வந்து அத்தை பக்கத்தில் உட்கார முடியுமா என்று கேளுங்கள். கோபமில்லாமல் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஊரில் இருக்கிறார் என்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் அவருடைய அம்மாவோடு இருக்கட்டும், நீங்கள் ஆராதனைக்குப் போய்ப் பாடுங்கள். கஞ்சி ஊட்டத் தெரியாது என்று சொன்னால் சனிக்கிழமை ராத்திரியே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.