பைத்தானில் நானே எழுதும் சி.டி. ஸ்கேன் வியூவரில் படம் தவறாக வருகிறது, எங்கிருந்து தேடுவது?

நீங்கள் சொல்லியிருப்பது மூன்று தொல்லை. படம் சில சமயம் சாய்ந்து கோடு கோடாக வருகிறது, கரோனல் பார்வையில் (உடம்பை முன்னாலிருந்து பார்ப்பது) ஸ்லைஸ்கள், அதாவது ஸ்கேனின் வெட்டுப் படங்கள், முன்னும் பின்னுமாகக் குதிக்கின்றன, மவுஸை இழுத்துக்கொண்டே இருந்தால் நிரல் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் மூடிக்கொள்கிறது. மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத நான்காவது ஒன்றைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். நான் மாதக்கணக்கில் ஏமாந்தது அதில்தான்.

முதலில் சாய்ந்த படம். நீங்கள் க்யூட்டி (Qt) என்ற திரை வரையும் நூலகத்தின் க்யூஇமேஜுக்கு தரவு, அகலம், உயரம், வடிவம் என்று நான்கு மட்டும் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிக் கொடுத்தால் ஒவ்வொரு வரியும் 4 பைட்டின் மடங்கில் முடிகிறது என்று க்யூட்டி வைத்துக்கொள்ளும். ஆக்சியல் ஸ்லைஸ் (உடம்பைக் குறுக்கே வெட்டிய படம்) 512 அகலம் என்பதால் அங்கே எதுவும் தெரியாது. நீங்கள் ஒரு பகுதியை மட்டும் வெட்டியெடுத்து 337 பிக்சல் அகலத்தில் காட்டும்போது ஒவ்வொரு வரியும் மூன்று பைட் நகர்ந்து நகர்ந்து படம் சாய்ந்துவிடும். ஒரு வரிக்கு எத்தனை பைட் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள், சரியாகிவிடும்.

நிரல் திடீரென்று மூடுவதற்கும் பெரும்பாலும் அதே இடம்தான் காரணம். க்யூஇமேஜ் நீங்கள் கொடுத்த நம்பை (NumPy, பைத்தானின் எண் நூலகம்) அரேயைப் பிரதி எடுப்பதில்லை, அந்த நினைவகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். உங்கள் ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அந்த அரேயைக் குப்பைக்கு அனுப்பினால், அடுத்த முறை திரை வரையும்போது அங்கே என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. மவுஸை இழுக்கும்போது நொடிக்குப் பல முறை இது நடப்பதால் அப்போதுதான் வெடிக்கிறது. உருவாக்கிய உடனே காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அல்லது அரேயை ஆப்ஜெக்டின் உறுப்பாக வைத்திருங்கள். சாஜிட்டல் பார்வைக்கு (உடம்பைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது) எடுக்கும் துண்டு நினைவகத்தில் தொடர்ச்சியாக இருக்காது, அதையும் தொடர்ச்சியான அரேயாக மாற்றிய பிறகே கொடுக்க வேண்டும். அப்புறம், இப்படிச் சத்தமில்லாமல் சாகும் நிரலை பைத்தானோடே வரும் ஃபால்ட்ஹேண்ட்லர் போட்டு ஓட்டுங்கள், சாகும் நேரத்தில் எந்த வரியில் இருந்தது என்று காட்டும், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். வேறு த்ரெட்டிலிருந்து திரையைத் தொடுகிறீர்களா என்பதையும் பாருங்கள். ஃபைலைப் படிப்பது தனி த்ரெட்டில் இருக்கலாம், திரையில் காட்டுவது முதன்மை த்ரெட்டில் மட்டும்தான், நடுவே சிக்னல் வழியாகத்தான் பேச வேண்டும்.

ஸ்லைஸ் குதிப்பது டைகாம் ஃபைல்களை (மருத்துவப் படங்களுக்கான ஃபைல் வடிவம், படத்தோடு டேக் எனப்படும் தகவல்களும் இருக்கும்) பெயரை வைத்து வரிசைப்படுத்துவதால். பெயர் வரிசையில் 1, 10, 100, 2 என்றுதான் வரும். சரி, ஃபைலுக்குள் இருக்கும் இன்ஸ்டன்ஸ் நம்பர் என்ற வரிசை எண்ணை வைத்து வரிசைப்படுத்தலாமா என்றால் அதையும் நம்பாதீர்கள், அந்த எண் உடம்பின் எந்தத் திசையில் ஏறுகிறது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. இமேஜ் ஓரியன்டேஷன் பேஷன்ட் டேகில் இருக்கும் ஆறு எண்களில் முதல் மூன்றையும் அடுத்த மூன்றையும் குறுக்குப் பெருக்கல் செய்தால் ஸ்லைஸுக்குச் செங்குத்தான திசை கிடைக்கும். அதோடு ஒவ்வொரு ஸ்லைஸின் இமேஜ் பொசிஷன் பேஷன்ட் மதிப்பைப் புள்ளிப் பெருக்கல் செய்து, வரும் எண்ணை வைத்து அடுக்குங்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம்தான் உண்மையான இடைவெளி. ஸ்லைஸ் திக்னஸ் டேகை இடைவெளியாக எடுத்துக்கொள்வது நிறையப் பேர் செய்யும் தவறு, 5 மி.மீ. தடிமனுள்ள ஸ்லைஸ்களை 2.5 மி.மீ. இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி உருவாக்குவது சாதாரணமாக நடப்பதுதான். வித்தியாசங்கள் ஒரே மாதிரி இல்லையென்றால் நடுவில் ஒரு ஸ்லைஸ் காணோம், அல்லது வேறு சீரிஸின் (வேறொரு ஸ்கேன் தொகுப்பின்) ஃபைல் உள்ளே கலந்திருக்கிறது. அப்போது பயனருக்கு அதைச் சொல்லி நிறுத்துங்கள், நீங்களாக நிரப்பாதீர்கள்.

இப்போது நான்காவது. மேலே சொன்ன பிழைகளெல்லாம் நல்ல பிழைகள், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகின்றன. படம் அழகாக, எந்தக் குறையும் இல்லாமல் திரையில் வந்து, ஆனால் பொய் சொல்கிறதே, அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

என் வியூவரில் நீளம் அளக்கும் கருவி ஒன்று எழுதியிருந்தேன். பிக்சல் ஸ்பேசிங் டேகில் முதல் எண் வரிகளுக்கு இடையே உள்ள தூரம், அதாவது மேலிருந்து கீழ். இரண்டாவதுதான் இடமிருந்து வலம். நான் எக்ஸ், ஒய் என்ற வரிசை மனதில் ஊறிப்போய் அதைத் தலைகீழாக எடுத்துக்கொண்டேன். ஆக்சியல் சி.டி.யில் இரண்டு எண்ணும் ஒன்றே என்பதால் எல்லா அளவும் சரியாகவே வந்தது. பல மாதம் கழித்து கரோனல் பார்வைக்கும் அதே ஃபங்ஷனை நீட்டியபோதுதான், மற்ற மென்பொருளில் காட்டும் நீளமும் என்னுடையதும் ஒத்துப்போகவில்லை என்று உடன் வேலை செய்பவர் சொன்னார். அதைத் தேடப் போய் இன்னொன்றும் அகப்பட்டது. ஆரம்பத்தில் ஒருநாள் படம் தலைகீழாக வந்ததால், ஏன் என்று பார்க்காமல் அரேயைத் திருப்பிப் போட்டிருந்தேன், இரண்டு அச்சிலும். தலை சி.டி.யில் இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. மார்பு சி.டி.யைத் திறந்தபோது இதயம் மறுபக்கம் இருந்தது. அன்று எனக்குக் கை நடுங்கியது உண்மை. அந்த வியூவரை வைத்து யாரும் சிகிச்சை முடிவு எடுக்கவில்லை, ஆராய்ச்சிக்கு மட்டும்தான் பயன்பட்டது. ஆனாலும் இடம் வலம் மாறிய படத்தைப் பார்த்து ஒருவர் குறிப்பு எழுதியிருக்கலாம் என்ற எண்ணம் நெடுநாள் போகவில்லை.

அதற்குப் பிறகு நான் நோயாளியின் படத்தை வைத்துச் சோதிப்பதை விட்டுவிட்டு, நானே ஒரு பொய் உடம்பு செய்துகொண்டேன். நம்பையில் 40 ஸ்லைஸ், 60 வரி, 90 நெடுவரிசை. மூன்றும் வேறு வேறு எண், அப்போதுதான் அச்சு மாறினால் உடனே தெரியும். 90 என்பது 4-ன் மடங்கு இல்லை, ஆகவே சாய்வுப் பிழையும் சேர்ந்து மாட்டும். இடைவெளிகளும் வேறு வேறு: வரிகளுக்கு 0.5, நெடுவரிசைகளுக்கு 0.8, ஸ்லைஸ்களுக்கு 3 மி.மீ. உள்ளே இடமிருந்து வலமாக 50 பிக்சல் நீளத்தில் ஒரு கம்பி. அளந்தால் 40 மி.மீ. வர வேண்டும்; 25 வந்தால் ஸ்பேசிங் மாறியிருக்கிறது. நோயாளியின் இடப்பக்கம் மட்டும் ஒரு சிறு பெட்டி, தலைப்பக்கம் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் வேறு மதிப்பு. டைகாமில் எக்ஸ் நோயாளியின் இடப்பக்கமும் ஒய் முதுகுப்பக்கமும் இசட் தலைப்பக்கமும் ஏறும், ஆக்சியல் படத்தில் நோயாளியின் இடப்பக்கம் திரையின் வலப்பக்கம் வர வேண்டும். இதை பைடிகாம் என்ற பைத்தான் நூலகம் கொண்டு டைகாம் ஃபைல்களாகவே எழுதி, உங்கள் வியூவரிலும் 3டி ஸ்லைசர் என்ற மருத்துவப் பட மென்பொருளிலும் திறந்து ஒரே புள்ளியின் மதிப்பை ஒப்பிடுங்கள். ஸ்லைசர் வலம், முன், தலை என்ற கணக்கில் ஆயத்தொலைவைக் காட்டுவதால் முதல் இரண்டு எண்களின் குறி மாறியிருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பிக்சல் மதிப்புகளையும் இப்படியே பாருங்கள். ஃபைலில் இருக்கும் எண்ணை ரீஸ்கேல் ஸ்லோப்பால் பெருக்கி இன்டர்செப்டைக் கூட்டினால்தான் ஹவுன்ஸ்ஃபீல்டு எண், அதாவது சி.டி. அடர்த்தியைச் சொல்லும் அளவு. தண்ணீர் 0, காற்று -1000. இன்டர்செப்ட் -1024 என்றால், குறியில்லாத 16 பிட்டில் வைத்துக்கொண்டே 0-லிருந்து 1024-ஐக் கழித்தால் 64512 ஆகிவிடும், காற்று பளீரென்று வெள்ளையாகத் தெரியும். அது பரவாயில்லை, பார்த்தவுடன் தெரிந்துவிடும். விண்டோ (பார்க்க வேண்டிய மதிப்பு வரம்பை மட்டும் கறுப்பிலிருந்து வெள்ளைவரை விரிப்பது) போட்ட பிறகு 0 முதல் 255-க்குள் நறுக்காமல் 8 பிட்டாக மாற்றினால் 300 என்பது 44 ஆகும். வெள்ளை எலும்புக்குள் கறுப்புத் திட்டுகள் வரும், அதைப் பார்ப்பவர் நோய் என்றே நினைக்கக்கூடும். மவுஸ் இருக்கும் இடத்தின் ஹவுன்ஸ்ஃபீல்டு மதிப்பைத் திரையின் ஓரத்தில் எப்போதும் காட்டுங்கள், விண்டோ போட்டதை அல்ல, அசல் எண்ணை. எனக்கு வேறு எந்த டீபக்கரைவிடவும் அதிகம் உதவியது இந்த ஒரு வரி எழுத்துதான்.

வேகம் பற்றிச் சுருக்கமாக: 512-க்கு 512, 500 ஸ்லைஸ், 16 பிட் என்றால் 250 எம்.பி. அதையே 64 பிட் ஃப்ளோட்டாக மாற்றினால் 1 ஜி.பி. தேவையே இல்லை. மவுஸ் இழுக்கும்போது முழு அரேக்கும் விண்டோ போடாமல் திரையில் இருக்கும் ஸ்லைஸுக்கு மட்டும் போட்டால் தடங்கல் போய்விடும்.

சாய்ந்து வரும் அந்தப் படத்தின் அகலம் எத்தனை பிக்சல் என்றும், க்யூஇமேஜை அழைக்கும் வரியையும் மட்டும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள், மற்றதைப் பார்த்துச் சொல்கிறேன். டைகாம் ஃபைலை அப்படியே இணைக்க வேண்டாம், அதில் நோயாளியின் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும்.