தவில் ஒலித்தால் நடக்கிறார், வாசற்படியில் நின்றுவிடுகிறார்

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 5 ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். வாசற்படி வந்தால் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுகிறார். குரல் தேய்ந்துவிட்டது, கையெழுத்தும் பொடிப்பொடியாகிவிட்டது. ஆனால் சென்ற மாதம் ஒரு திருமணத்தில், மாப்பிள்ளை அழைப்பில் தவில் ஒலிக்கத் தொடங்கியதும் யார் கையையும் பிடிக்காமல் மண்டபம்வரை நடந்தார்! அதைப் பார்த்த தம்பி, நடன சிகிச்சைக்கு அனுப்பலாம் என்கிறான். இளமையில் ஊர்த் திருவிழா நாடகங்களில் ராஜா வேடம் கட்டியவர் என்பதால் அப்பாவுக்கும் ஆசைதான். “நினைத்தால் நடக்கிறார், மற்ற நேரம் பிடிவாதம். இந்த வயதில் ஆட்டம் வேறா?” என்று அம்மா கோபப்படுகிறார். இது உண்மையிலேயே சிகிச்சைதானா? இதைச் செய்தால் மாத்திரையைக் குறைக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மாவின் கோபத்திலிருந்தே தொடங்குகிறேன். அது பிடிவாதம் இல்லை. இந்த நோயில் நடுமூளையில் உடல் அசைவுக்குத் தேவையான டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிகின்றன. நாம் யோசிக்காமலேயே கால் மாற்றிக் கால் வைக்கிறோமே, அந்தத் தானியங்கி ஏற்பாடுதான் முதலில் பழுதாகிறது. வாசற்படி, குறுகலான இடம், திரும்ப வேண்டிய மூலை ஆகியவற்றில் கால் உறைந்துபோவது அதனால்தான். வெளியிலிருந்து சீரான தாளம் கேட்டாலோ, தரையில் தாண்டுவதற்கு ஒரு கோடு தெரிந்தாலோ, மூளை பழுதான பாதையை விட்டு வேறு பாதையில் கட்டளையை அனுப்பிவிடுகிறது. தவில் செய்தது அந்த வேலையைத்தான்.

இதை முறையாகப் பயன்படுத்தும் முயற்சிகள் பல ஆண்டுகளாகவே நடக்கின்றன. 2001-ல் நியூயார்க்கின் புரூக்ளினில், மார்க் மோரிஸ் நடனக் குழு அங்குள்ள பார்க்கின்சன் நோயாளிகள் குழுவோடு சேர்ந்து வகுப்பு தொடங்கியது. அந்த முறை இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளுக்கு அர்ஜென்டினாவின் டேங்கோ நடனத்தைக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். ஏன் டேங்கோ? பின்னோக்கி அடி வைப்பது, திரும்புவது, நின்று மீண்டும் தொடங்குவது என்று இந்த நோய் எதையெல்லாம் பறிக்கிறதோ அதெல்லாம் அந்த நடனத்திலேயே இருக்கிறது. பயிற்சி பெற்றவர்களின் உடல் சமநிலை மேம்பட்டது.

ஆனால் இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை. செல்கள் அழிவதை நடனம் நிறுத்தும் என்று எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. பயிற்சியை விட்டால் பலனும் மெல்லக் கரைந்துவிடும். ஆகவே, உங்கள் கேள்விக்கு என் பதில்: இது நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை. நடையை மேம்படுத்தும் துணைச் சிகிச்சை. தாராளமாக அனுப்புங்கள்.

டேங்கோ கும்பகோணத்தில் கிடைக்காது, தேவையும் இல்லை. பக்கவாட்டில் அடி வைத்து, கை தட்டி, வட்டமாக நகரும் கும்மி அப்பாவுக்கு நன்றாகவே பொருந்தும். கோலாட்டம் வேண்டாம். கோலையும் காலையும் ஒரே நேரத்தில் கவனிப்பது இந்த நோயாளிகளுக்குச் சிரமம்.

வாசற்படியில் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். கால் அங்கேயே இருக்க உடம்பு மட்டும் முன்னால் வந்து விழுவார். ஒரு நொடி நிற்கச் சொல்லுங்கள். எடையை இடக்காலிலிருந்து வலக்காலுக்கு மாற்றி மெதுவாக ஆடட்டும். பிறகு நீங்கள் “ஒன்று, இரண்டு” என்று எண்ண, பெரிய அடியாக எடுத்து வைக்கட்டும். நிலைப்படிக்கு முன்னால் பளிச்சென்ற நிறத்தில் ஓர் ஒட்டுநாடாவை ஒட்டிவையுங்கள், அதைத் தாண்டும் எண்ணத்திலேயே கால் எழும்பும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலாமல், அரைவட்டமாக நடந்து திரும்பப் பழக்குங்கள்.

அப்பா ராஜா வேடம் கட்டியவர் என்றீர்களே, எனக்கு அதில்தான் அதிக நம்பிக்கை. இந்த நோயாளிகள் சாதாரணமாகப் பேசுவதாகவே நினைத்துக்கொள்வார்கள். எதிரில் இருப்பவருக்கோ முணுமுணுப்புதான் கேட்கும். சத்தத்தை அளக்கும் உள்கணக்கு தவறிவிடுகிறது. குரலை வேண்டுமென்றே உயர்த்தப் பழக்குவதுதான் இதற்கான பேச்சுப் பயிற்சியின் அடிப்படை. உங்கள் அப்பாவுக்கு அதை விளக்கவே வேண்டாம். மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி வசனம் பேசச் சொன்னால் போதும். கோபம், ஏளனம், அழுகை என்று முகத்தையும் மிகையாகக் காட்டட்டும். முகத்தசைகள் இறுகி உணர்ச்சி தெரியாமல் போவதால், தாத்தா கோபமாக இருக்கிறார் என்று பேரப்பிள்ளைகள் ஒதுங்குவது பல வீடுகளில் நடக்கிறது. அவர்களையே மந்திரியாகவும் சேவகனாகவும் நிறுத்திவிடுங்கள்.

கையெழுத்துக்கு நோட்டுப் புத்தகம் வேண்டாம். சுவரில் பெரிய சார்ட் தாளை ஒட்டி, தடித்த வண்ணப் பேனாவால் தோளிலிருந்து கை அசையும்படி வட்டமும் வளைவும் வரையட்டும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: நீங்களாகக் குறைக்கவே கூடாது. இந்த நோய்க்குப் பொதுவாகத் தரப்படும் லெவோடோபா மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சலும் உடல் விறைப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், பெரும்பாலானவர்களுக்கு அது விழுங்கி ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து வரும், வகுப்பு அமைவது நல்லது.

பயிற்சி தருபவர் பார்க்கின்சன் நோயாளிகளோடு முன்பு வேலை செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். “ஒரே மாதத்தில் மாத்திரையை விட்டுவிடலாம்” என்பவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். சக்கரம் இல்லாத, கைப்பிடி உள்ள நாற்காலி பக்கத்திலேயே இருக்கட்டும். தொடக்கத்தில் உட்கார்ந்தபடியே ஆடினாலும் பலன் உண்டு. டைல்ஸ் தரையில் வெறும் சாக்ஸ் கூடாது. அம்மாவையும் அழைத்துப் போங்கள். புரூக்ளின் வகுப்புகளில் துணைக்கு வருபவர்களும் சேர்ந்தே ஆடுகிறார்கள்.

எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், அண்மையில் கீழே விழுந்தது, இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவது, இவற்றில் ஏதேனும் இருந்தால் வகுப்பில் சேர்ப்பதற்கு முன் உங்கள் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றபிறகும் ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.