வீடு திரும்பியவருக்குத் துணை

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபின் கவனிக்க ஆளின்றித் தனித்திருப்பவர்களுக்கு வாரத்தில் சில மணி நேரம் உதவ விரும்புகிறேன். மருத்துவப் பயிற்சி இல்லாத என்னால் உண்மையிலேயே பயன் உண்டா?
– ஒரு வாசகி

பதில்: நிச்சயமாக உண்டு, அதுவும் வீடு திரும்பிய முதல் இரண்டு நாட்களுக்குள் நீங்கள் போய் நின்றால், அதைவிடப் பெரிய உதவி இல்லை. நோய் தணிந்தாலும், உறக்கம் கெட்டு, சரிவர உண்ணாமல் படுத்தே கிடந்த உடல் அப்போது மிகவும் தளர்ந்திருக்கும். இந்தத் தளர்ச்சியையே தனியொரு பாதிப்பாகக் கருத வேண்டும் என்று இதயநோய் மருத்துவர் ஹார்லன் க்ரம்ஹோல்ஸ் 2013இல் எழுதினார். ஒரு மாதத்துக்குள் மீண்டும் சேர்க்கப்படுபவர்களில் பலர் முதலில் வந்த நோய்க்காக அல்லாமல் வேறு காரணங்களுக்காகவே சேர்க்கப்படுகிறார்கள் என்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

முதலில் மருந்துகளைப் பாருங்கள். வீட்டிலுள்ள பழைய மாத்திரை அட்டைகளையும் புதிதாகக் கொடுத்தவற்றையும் மேசைமேல் பரப்பி, மருத்துவமனை தந்த சுருக்க அறிக்கையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். அட்டையில் இருக்கும் வணிகப் பெயரை விட்டுவிட்டு, அதனுடன் அச்சிட்டிருக்கும் மூல மருந்தின் பெயரைப் படித்தால், ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வீட்டில் இருப்பது சில வேளை தெரியவரும்; தெரியாதவர் இரண்டையும் சேர்த்தே விழுங்கிவிடுவார். அப்படி ஏதேனும் கண்டால் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். குறித்துக்கொண்டு, மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ அன்றைக்கே கேளுங்கள். இந்த எல்லையை எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும்.

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை நீங்களே ஒருமுறை இரவில் நடந்து பாருங்கள்; இருட்டில் கால் இடறும் மிதியடியும் எட்டாத விளக்கு விசையும் அப்போதுதான் புலப்படும். மறுபரிசோதனை நாளையும், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

நல்ல மனமுடையவர்கள் எல்லா வேலையையும் தாங்களே செய்துவிடுவதுண்டு. அது வேண்டாம். நலமாயிருந்த முதியவர்களை 10 நாட்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்த ஓர் ஆய்வில், அவர்களுடைய கால் தசை ஏறத்தாழ 1 கிலோ குறைந்துபோனது. ஆகவே மருத்துவர் நடக்க அனுமதித்திருந்தால், தண்ணீரைக் கையில் கொண்டுபோய்க் கொடுக்காமல், அவர் எழுந்து சென்று எடுத்து வரும் வரை அருகிலேயே நடந்து செல்லுங்கள்.