நானோ சென்சார் ஆய்வு: மகளை எந்த முதுநிலையில் சேர்ப்பது?

செல்லுக்குள் அமிலத்தன்மையை அளக்கும் நானோ சென்சார்களில் ஆய்வு செய்ய உங்கள் மகள் விரும்புகிறார். முதுநிலைக்கு நானோ தொழில்நுட்பமா, வேதியியலா என்று கேட்டிருக்கிறீர்கள். வேதியியலிலேயே தொடரட்டும். மின்வேதியியலும் பகுப்பாய்வு வேதியியலும் வலுவாக உள்ள துறையாகப் பாருங்கள். சென்சாரைச் செய்வதைவிட, அது காட்டும் எண்ணை நம்பலாமா என்று சொல்வதுதான் இந்தத் துறையில் கடினம்.

ஏன் கடினம் என்று பாருங்கள். பி.எச். (அமிலத்தன்மையின் அளவு) 7 உள்ள நீரில், ஒரு மைக்ரோமீட்டர் கனசதுரத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் சுமார் 60 மட்டுமே. 100 நானோமீட்டர் கனசதுரத்துக்குக் கணக்குப் போட்டால் 0.06 வரும், அதாவது பெரும்பாலான நேரம் அங்கே ஒன்றுகூட இருக்காது. அவ்வளவு சிறிய இடத்தில், பி.எச்.சை அளக்கப் பயன்படும் ஒளிரும் நிறமியை அதிகமாகச் செலுத்தினால், நிறமியே அயனிகளைப் பிடித்துக்கொண்டு பி.எச்.சை மாற்றிவிடும்.

வழிகள் இரண்டு. ஒன்று மின்முனை: குவார்ட்ஸ் குழாயை லேசரால் சூடாக்கி, நுனி 100 நானோமீட்டருக்கும் குறையும்படி இழுத்து, உள்ளே கார்பன் நிரப்பி, நுனியில், பி.எச்.சுக்கு ஏற்ப மின்னழுத்தம் மாறும் இரிடியம் ஆக்சைடைப் படியவைப்பார்கள். நிலைமின்சாரம் பட்டாலே நுனி போய்விடும். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் இன்னொரு மின்முனையின் (ஒப்பீட்டு மின்முனை) மின்னழுத்தம் மெல்ல நகர்ந்து அளவைக் கெடுக்கும். மின்னணுவியலில் நாட்டம் இருந்தால் இது பொருந்தும்.

மற்றது ஒளிரும் நிறமி. ஃப்ளோரசீன் என்ற நிறமியின் பி.கே.ஏ., அதாவது அதன் பாதி மூலக்கூறுகள் அயனியைப் பிடித்திருக்கும் பி.எச்., சுமார் 6.4. அதற்கு மேலும் கீழும் ஓர் அலகு வரைதான் அது நன்றாக வேலை செய்யும். செல்லுக்குள் கழிவைச் சிதைக்கும் பையான லைசோசோமில் பி.எச். 4.5 முதல் 5 வரை என்பதால் அங்கே அதை நம்ப முடியாது. நிறமி வெளுத்துப்போவதையும் அமிலம் கூடியதாகத் தவறாகப் படிப்பார்கள், ஆகவே பி.எச்.சால் மாறாத இரண்டாவது நிறமியைச் சேர்த்து விகிதம் பார்க்க வேண்டும். அளவுத்திருத்தத்தையும் (தெரிந்த பி.எச்.சுடன் ஒப்பிட்டுச் சென்சாரைச் சரிபார்ப்பது) செல்லுக்குள்ளேயே, பொட்டாசியம் மிகுந்த கரைசலில், செல்லின் உள்ளும் வெளியும் பி.எச்.சைச் சமமாக்கும் நைஜெரிசின் சேர்த்துச் செய்வதே முறை. வேதியியலாளர் யமுனா கிருஷ்ணன் குழு 2009இல் வெளியிட்ட, செல்லுக்குள் பி.எச். அளக்கும் டி.என்.ஏ. சென்சார் பற்றிய கட்டுரையை மகள் அவசியம் படிக்கட்டும்.

இப்போதே கல்லூரி பி.எச். மீட்டரை மில்லிவோல்ட் நிலையில் வைத்து, பி.எச். 4, 7, 10 உள்ள தாங்கல் கரைசல்களில் (பி.எச். எளிதில் மாறாத கரைசல்கள்) அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். 25 டிகிரி செல்சியஸில் ஒரு பி.எச். அலகுக்குச் சுமார் 59 மில்லிவோல்ட் சாய்வு வர வேண்டும். 50க்குக் கீழே வந்தால் மின்முனை பழசாகியிருக்கும், அல்லது கண்ணாடிக் குமிழ் காய்ந்திருக்கும். காரணத்தை அவரே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

வேலை பற்றிய கவலைக்கு: மருந்துத் தரக்கட்டுப்பாடு, நீர்த்தரக் கண்காணிப்பு, குளுக்கோஸ் சென்சார் தயாரிப்பு ஆகிய மூன்றிலும் இதே திறன்தான் தேவை. முனைவர் பட்டத்துக்கு ஆய்வகம் தேடும்போது, "அளவுத்திருத்தம் எங்கே, எத்தனை முறை செய்கிறீர்கள்?" என்று மகள் கேட்கட்டும். தெளிவான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.