தீபாவளிக்கு வந்த பணம் மே மாதத்தில் எங்கே போனது?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு 41 வயது. சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டிலிருந்தே முறுக்கு, அதிரசம், இட்லிப் பொடி செய்து விற்கிறேன். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான். பணம், கைப்பேசி எண்ணுக்கே அனுப்பும் பேநவ் மூலம் என் சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும். தீபாவளியை ஒட்டிய இரண்டு மாதங்களில் தலா 11,000 வெள்ளி வரும், மற்ற மாதங்களில் 4,000 வெள்ளி. சென்ற ஆண்டு மொத்தம் 62,000. செலவு 34,000 போக 28,000 இலாபம் என்று வரிக் கணக்கில் காட்டினேன். ஆனால் கையில் ஒரு காசு நிற்கவில்லை. மே மாதத்தில் மெடிசேவ் (மத்திய சேமநிதியின் மருத்துவச் சேமிப்பு) கட்டச் சொல்லிக் கடிதம் வந்தபோது, மகனின் டியூஷனுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கட்டினேன். எது தொழில் செலவு, எது வீட்டுச் செலவு என்று எப்படிப் பிரிப்பது? கணவரின் காருக்குப் போடும் பெட்ரோலைக் கணக்கில் காட்டலாமா? “இத்தனை பாடுபடுவதற்கு ஒரு வேலைக்குப் போகலாமே” என்கிறார் அவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: வணக்கம் சகோதரி. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய முஸ்தஃபா கடை பில்லின் படத்தைத்தான் முதலில் பார்த்தேன். அரிசி மாவு 10 கிலோ, எண்ணெய் இரண்டு டின், அதற்கடுத்த வரியில் மகனின் பள்ளிக் காலுறை, பிறகு ஷாம்பு, மறுபடியும் எள் ஒரு கிலோ. உங்கள் கேள்விக்கான விடை அந்த ஒரு முழக் காகிதத்திலேயே இருக்கிறது. தொழிலும் வீடும் ஒரே பையில் வாங்கி, ஒரே கணக்கிலிருந்து பணம் கட்டுகின்றன. அதனால் 62,000, 34,000, 28,000 என்ற மூன்று எண்களில் எதையும் என்னால் முழுதாக நம்ப முடியவில்லை. அந்தக் கணக்குக்கு வந்த தொகையில் அக்கா அனுப்பிய பணமும் சீட்டுப் பணமும் இருக்கலாம். செலவில் காலுறையும் ஷாம்பும் இருக்கலாம்.

ஆகவே செலவை எழுதி வைப்பதற்கு முன்னால் பணத்தைப் பிரியுங்கள். பிரிக்காத பணத்தை எழுத ஆரம்பித்தால் இரண்டு வாரத்தில் சலித்துவிடும். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அந்த இடத்தில்தான் நோட்டை மூடி வைத்தார்கள்.

தொழிலுக்கென்று தனிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். உங்கள் சொந்தப் பெயரில் அல்லாமல் வேறொரு கடைப் பெயரில் விற்பதானால் தொழில்களைப் பதியும் ஆணையமான அக்ராவில் பதிவு செய்ய வேண்டும், அந்தப் பதிவைக் காட்டி வங்கியில் தொழில் கணக்கே திறக்கலாம். குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு, அதற்குக் கீழே போனால் கட்டணம் எவ்வளவு என்று இரண்டு மூன்று வங்கிகளில் கேட்டுவிட்டுத் திறங்கள். பேநவ்வில் ஒரு வசதி இருக்கிறது. உங்கள் சொந்தப் பெயரில் இரண்டு கணக்குகள் இருந்தால், கைப்பேசி எண்ணை ஒரு கணக்கோடும் அடையாள அட்டை எண்ணை இன்னொரு கணக்கோடும் இணைக்கலாம் (வங்கியின் தொழில் கணக்கோடு கைப்பேசி எண்ணை இணைக்க முடியாது). உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரும் கைப்பேசி எண்ணுக்குத்தான் பணம் போடுகிறார்கள். அந்த எண்ணைத் தொழில் பணத்துக்கென்று ஒதுக்கிய உங்கள் சொந்தக் கணக்கோடு இணைத்துவிட்டால் அவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை. அக்காவிடம் மட்டும் அடையாள அட்டை எண்ணுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

கடைக்குப் போனால் கல்லாவில் இரண்டு குவியலாக வையுங்கள். இரண்டு பில், இரண்டு கட்டணம். பின்னால் வரிசை நீளமாக இருந்து ஒரே பில்லாகப் போட நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் பேனாவால் வீட்டுச் சாமான்களைச் சுழித்துக் கூட்டுங்கள். அந்தத் தொகையை அன்றிரவே வீட்டுக் கணக்கிலிருந்து தொழில் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். நாளைக்கு என்று விட்டால் அது நடக்காது. பில்லை உடனே படமும் எடுத்து வையுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா பிஸ்கட் டின் நிறைய ரசீதுகளோடு என்னிடம் வந்தார். திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் வெறும் வெள்ளைத் தாள். கடைகளில் வெப்பத்தால் அச்சிடும் அந்தத் தாளில் எழுத்து நிற்காது. அவர் உண்மையாகச் செய்த செலவுதான், காட்டுவதற்குத்தான் எதுவும் இல்லை. அன்று அவர் முகம் போன போக்கு இன்னும் என் நினைவில் இருக்கிறது. உள்நாட்டு வருவாய் ஆணையம் கணக்குகளையும் ரசீதுகளையும் 5 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. ஆண்டு விற்பனை 200,000 வெள்ளிக்குள் இருப்பவர்கள் படிவத்தில் விற்பனை, இலாபம் என்று இரண்டு எண்களை மட்டும் எழுதினால் போதும். படிவம் சுருக்கமாக இருக்கிறதே என்று ரசீதை விட்டுவிடக் கூடாது.

எழுதுவதற்குச் செயலியோ நோட்டுப் புத்தகமோ, எது கைக்கு வருமோ அது. தேதி, யார், வரவு, செலவு, எதற்காக. ஞாயிறு இரவு அரை மணி நேரம். இதில் இதற்குமேல் நுணுக்கம் ஒன்றும் இல்லை.

எது தொழில் செலவு என்று கேட்டீர்கள். அந்த வருமானத்தை ஈட்டுவதற்காகவே செய்த செலவு தொழில் செலவு. மாவு, எண்ணெய், டப்பா, ஸ்டிக்கர், டெலிவரிக்காரருக்குக் கொடுத்தது, சரக்கு எடுத்துக்கொண்டு போன டாக்சி, எம்ஆர்டி ரயில் கட்டணம் எல்லாம் இதில் சேரும். மின்சாரம், தொலைபேசியில் தொழிலால் கூடிய பகுதியை மட்டும் காட்டலாம், முழு பில்லையும் காட்டக் கூடாது. மாவரைக்கும் இயந்திரம், அவன் அடுப்பு போன்றவை முதலீட்டுப் பொருள்கள், அன்றாடச் செலவில் வராது. ஆனால் ஒவ்வொன்றும் 5,000 வெள்ளிக்கு மேல் போகாவிட்டால் முதலீட்டுக் கழிவாக ஒரே ஆண்டில் முழுவதையும் கழித்துக்கொள்ள வழி உண்டு. கணவரின் கார் பதிவு எண் ‘எஸ்’ எழுத்தில் தொடங்கும் சொந்தக் கார் என்றால் பெட்ரோல், பார்க்கிங், இஆர்பி சாலைக் கட்டணம் எதையும் காட்ட முடியாது. முறுக்கு டெலிவரிக்காகவே ஓடியிருந்தாலும் முடியாது. பலருக்கு இது அநியாயமாகத் தெரிகிறது, ஆனால் விதி அப்படித்தான். நீங்கள் உங்களுக்கே எடுத்துக்கொள்ளும் சம்பளமும், உங்கள் மெடிசேவும்கூடத் தொழில் செலவல்ல. மெடிசேவுக்கு வரிக் கழிவு தனியாகக் கிடைக்கும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்கனவே காட்டிய 34,000-இல் வீட்டுச் செலவு கலந்திருந்தால், ஆணையம் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களாகவே எழுதித் திருத்திக்கொள்ளுங்கள். தாக்கல் செய்வதற்கான கெடு முடிந்து ஓராண்டுக்குள் தானாக முன்வந்து சொல்பவர்களுக்கு, நிபந்தனைகளுக்கு உட்பட்டு அபராதம் விதிப்பதில்லை. நீங்கள் வேண்டுமென்று செய்தவர் இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இப்போதே செய்யுங்கள் என்கிறேன்.

இனி, பணம் எங்கே போகிறது என்ற கேள்வி. நீங்கள் ஒரு டப்பா முறுக்கு 10 வெள்ளிக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். 20 டப்பாவுக்கு மாவு 14 வெள்ளி, வெண்ணெய், எள், ஓமம் 12, எண்ணெய் 22, டப்பாவும் ஸ்டிக்கரும் 20, கேஸ், மின்சாரம் 7. மொத்தம் 75 வெள்ளி, டப்பாவுக்கு 3 வெள்ளி 75 காசு. எண்கள் என்னுடையவை, உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குப்படி 100 வெள்ளி விற்றால் 62 வெள்ளி நிற்க வேண்டும். ஆண்டுக் கணக்கிலோ 45 வெள்ளிதான் நிற்கிறது. நடுவில் காணாமல் போன 17 விழுக்காடு, 62,000 வெள்ளிக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். சில இடங்களில் அது போயிருக்கும். ஒற்றை டப்பா ஆர்டரையும் தொலைவிலுள்ள பொங்கோலுக்கு இலவசமாக அனுப்பியது. ருசி பார்க்கக் கொடுத்தது. எண்ணெய் காய்வதற்குள் போட்டு, உடைந்துபோன ஈடு. தீபாவளிக்கு உறவினர் வீடுகளுக்கு அனுப்பியது. கடைசியாகச் சொன்னதை நிறுத்தச் சொல்லவில்லை. தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்காமல் இருக்க முடியுமா? ஆனால் அது வீட்டுச் செலவு, வீட்டுக் கணக்கில் எழுதுங்கள். வீட்டில் பிள்ளைகள் சாப்பிடும் டப்பாவும் அப்படித்தான். டெலிவரிக்கு மட்டும் ஒரு குறைந்தபட்ச ஆர்டர் வையுங்கள். வருத்தப்பட்டு விலகுகிறவர்கள் நீங்கள் பயப்படும் அளவுக்கு இருக்க மாட்டார்கள்.

மிச்சம் இருந்த 28,000 வெள்ளி சிறுகச் சிறுக வீட்டுக்குள் போய்விட்டது. தீபாவளி மாதத்தில் கணக்கில் பெரிய தொகையைப் பார்த்தால் யாருக்கும் தாராளம் வந்துவிடும். இதற்கு மருந்து, உங்களுக்கு நீங்களே மாதச் சம்பளம் போட்டுக்கொள்வது. அதை நல்ல மாதத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது, மெலிந்த மாதத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 4,000 வெள்ளி விற்கும் மாதத்தில் உங்களுக்கு நிற்பது சுமார் 1,800. அதில் 1,500 வெள்ளியை மாதம் முதல் தேதி வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். தீபாவளி மாதமானாலும் அதே 1,500தான். செப்டம்பரில் வரும் முன்பணத்தைத் தொடவே வேண்டாம். பலகாரத்தைக் கையில் கொடுக்கும்வரை அது வாடிக்கையாளரின் பணம்.

இன்னொரு 210 வெள்ளியை ஒவ்வொரு மாதமும் தனியாக எடுத்து வையுங்கள். ஏன் 210? சொந்தத் தொழில் செய்பவரின் நிகர வருமானம் ஆண்டுக்கு 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கட்டாயம். 18,000 வெள்ளியும் அதற்கு மேலும் ஈட்டுபவர்களில் 35 முதல் 45 வயதுக்குட்பட்டவர்களுக்கு 9 விழுக்காடு. 28,000-க்கு 2,520 வெள்ளி, பன்னிரண்டால் வகுத்தால் 210. எல்லாரும் வருமான வரிக்குத்தான் பயப்படுகிறார்கள். உங்கள் வருமானத்துக்கு வரி எவ்வளவு தெரியுமா? முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது, அடுத்த 10,000-க்கு 2 விழுக்காடு. 1,000 வெள்ளி சம்பாத்தியக் கழிவு போக மிஞ்சுவது 7,000, அதற்கு வரி 140 வெள்ளி. மற்றக் கழிவுகளும் சேர்ந்தால் அதுவும் குறையும். உங்களை ஆட்டிவைத்தது மெடிசேவ்தான். ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால், வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோவில் மாதத் தவணை கேளுங்கள். அக்ராவில் பதிந்த தொழிலைப் புதுப்பிக்கவும் மெடிசேவ் பாக்கி இல்லாமல் இருக்க வேண்டும்.

இப்படி நடத்தினால் ஆண்டு முடிவில் சம்பளம் 18,000, மெடிசேவ் 2,520, வரி 140 போக, சுமார் 7,300 வெள்ளி தொழில் கணக்கில் நிற்கும். அதில் முதல் 4,500 மூன்று மாதச் சம்பளத்துக்கான கையிருப்பு. உங்களுக்கு மருத்துவ விடுப்பு கொடுக்க முதலாளி இல்லை. கையில் சூடான எண்ணெய் கொட்டினால் அடுப்பு அணைந்துவிடும், வீட்டுச் செலவு அணையாது. மிச்சம் இயந்திரம் மாற்ற. அதற்குப் பிறகு மத்திய சேமநிதியில் விருப்பப்பட்டுப் போடலாம். ஆனால் 2 விழுக்காட்டு வரியை மிச்சப்படுத்த அவசரப்பட்டுப் போட வேண்டாம், ஓய்வுக்காலத்துக்காகப் போடுங்கள்.

கணவர் சொன்னதற்கு வருகிறேன். அவர் கேட்பது நியாயமான கேள்வி, எண்ணை வைத்தே பதில் சொல்லலாம். வேலைக்குப் போனால் உங்கள் வயதில் முதலாளி சம்பளத்துக்கு மேல் 17 விழுக்காடு சேமநிதியில் போடுவார். அதையும் கூட்டிப் பார்த்தால், ஆண்டுக்கு 28,000 வெள்ளி இலாபம் என்பது மாதம் ஏறக்குறைய 2,000 வெள்ளிச் சம்பளத்துக்குச் சமம். அதைவிட நல்ல சம்பளத்தில் வேலை கிடைக்கும் என்றால் அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் பிள்ளை பள்ளி விட்டு வரும்போது நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். காணாமல் போகும் அந்தப் பத்தாயிரத்தில் பாதியைப் பிடித்தாலே கணக்கு உங்கள் பக்கம் சாயும். எனவே இந்த ஆண்டு முடிவெடுக்காதீர்கள். நோட்டில் இன்னொரு வரிசை போடுங்கள்: அன்று எத்தனை மணி நேரம் அடுப்படியில் நின்றீர்கள் என்று. பன்னிரண்டு மாதம் எழுதிய பிறகு இலாபத்தை அந்த மணி நேரத்தால் வகுத்து, ஏப்ரலில் வரிக் கணக்கு போடும்போது கணவரோடு உட்கார்ந்து பாருங்கள். அந்த எண்ணை எனக்கும் எழுதுங்கள்.