9.81 வராத மதுரை

"அண்ணே, திருமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். அக்டோபரில் ஜெர்மனியில் எம்.எஸ்சி. இயற்பியல் சேர்கிறேன். அங்கே லேப் எப்படி? நம்ம ஊர் மாதிரி ரெக்கார்டு எழுதணுமா?" என்று கேட்டிருந்தாய் தம்பி.

குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அடிபட்டது லேபில், அதனால் அதைச் சொல்கிறேன்.

மதுரையில் படித்தபோது தனி ஊசலில், அதாவது நூலில் தொங்கி ஆடும் குண்டில், எனக்கு ஜி மதிப்பு (புவியீர்ப்பு முடுக்கம்) 9.77 வந்தது. "9.81 வரலையே, திரும்ப எடு" என்றார்கள். மணி நாலு, பஸ் போய்விடும். விடையிலிருந்து பின்னாலேயே கணக்குப் போட்டு நேரங்களை மாற்றி எழுதினேன். 'வெரி குட்' விழுந்தது.

இங்கே வந்த முதல் மாதம், கிராப்பில் கோட்டிலிருந்து விலகி நின்ற ஒரு புள்ளியை அதே பழக்கத்தில் அழித்துவிட்டேன். உதவிக்கு நின்ற ஆராய்ச்சி மாணவர் அழித்த இடத்தில் விரலை வைத்து, "இங்கே என்ன இருந்தது?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பேனாவில்தான் எழுத வேண்டும், தப்பானதை ஒற்றைக் கோடு போட்டு அடிக்கலாம், ஆனால் அந்த எண் படிக்கும்படி இருக்க வேண்டும் என்றார்.

அப்புறம் எதற்கும் ஒரே கேள்வி: "கூடக்குறைய எவ்வளவு?" அதாவது, அளந்த எண் எவ்வளவு பிசகியிருக்கலாம் என்று. அதைப் பழகத்தான் நாளாகும். என் பழைய ஊசலையே எடுத்துக்கொள். ஒரு மீட்டர் நூல், 20 அலைவு, சுமார் 40 வினாடி. ஸ்டாப்வாட்ச் அமுக்கும் கை 0.1 வினாடி பிசகினால் ஜி 0.05 நகரும். மதுரை ஏறக்குறைய 10 டிகிரி அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் இருக்கிறது. பூமியின் சுழற்சியாலும் நடுப்பகுதி பருத்திருப்பதாலும் நம்ம ஊர் மதிப்பே 9.78தான். 9.81 என்பது இந்த ஐரோப்பியப் பக்கத்துக் கணக்கு. அதற்காக என் 9.77 மேதாவித்தனம் இல்லை. '9.77, கூடக்குறைய 0.05' என்று எழுதியிருந்தால் 9.78, 9.81 இரண்டு எண்ணும் அதற்குள் அடங்கியிருக்கும், சண்டையே இல்லை.

மற்றபடி பயப்படாதே. இரண்டு பேராகச் செய்வீர்கள். தொடங்குமுன் வாய்மொழியாகக் கேட்பார்கள், படிக்காமல் போகாதே. அறிக்கைக்குப் பைத்தான் என்ற கணினி மொழியைக் கொஞ்சம் பழகிக்கொள். நுண்ணளவு பார்க்கும் வெர்னியரைப் படிப்பதிலும், ஒளியைப் பிரித்துப் பார்க்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரை மட்டம் பார்ப்பதிலும் நம்ம பிள்ளைகள் கை வேகம். அதற்கு ஊருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

கிளம்புமுன் ஒன்று செய். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று வாங்கி, வீட்டு உத்தரத்தில் தொங்கவிடு. நூல் கட்டிய இடத்திலிருந்து குண்டின் நடுவரை ஒரு மீட்டர் இருக்கட்டும், 1 மி.மீ. பிசகினாலும் ஜி 0.01 மாறும். கொஞ்சமாக இழுத்துவிட்டு 200 அலைவு எண்ணு. 402 வினாடியை ஒட்டி வரும். இங்கே வந்து அதே குண்டில் எண்ணினால் அரை வினாடிக்குச் சற்று மேலே குறையும். குண்டைப் பெரிய பெட்டியில் போடு. கைப்பையில் இருந்தால் விமான நிலையத்தில் அதற்கும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.